வேலித் தகரத்தில் வந்த தந்தி

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வளவுக்கும் இடையே இருந்த கிடுகு வேலியில் ஒரு பொட்டு இருந்தது. ஊர் நாய்கள் நுழைந்து நுழைந்து பெரிதாக்கிய ஓட்டை. அதை அடைப்பதற்கு இவர் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி விரித்து வேலியோடு கட்டினார். கட்டும்போது அந்தப் பக்கம் நின்று கம்பியை இழுத்து முறுக்கித் தந்தவர், மலாயாவிலிருந்து லீவில் வந்திருந்த பக்கத்து வீட்டுச் சின்ன மகன். அதற்குப் பிறகு நானும் இவரும் பேசிய அந்தரங்கப் பேச்சில் பாதி அந்தத் தகரத்தில்தான் நடந்தது. வாயால் இல்லை, விரலால்.

இவர் என்று நான் சொல்வது என் கணவரை. வட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு சின்னத் தபால் கந்தோருக்கு இவர் போஸ்ட்மாஸ்ரர்; தந்தி அடிக்கிறவரும் இவரேதான். கந்தோரும் நாங்கள் குடியிருந்த அறைகளும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தன, நடுவில் ஒரு சுவர். வெளியார் கந்தோருக்குள் கால் வைக்கக் கூடாது என்பது சட்டம். பெண்சாதியும் வெளியாரோ என்று ஒருநாள் கேட்டேன். சட்டத்தில் பெண்சாதிக்கு விலக்கு எழுதியிருக்கவில்லை என்றார். அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள்.

சோறு ஆறிக் கிடக்கும். இவரோ கருவியை விட்டு எழும்ப மாட்டார். கூப்பிட்டால் கந்தோரில் நிற்கிற சனத்துக்குக் கேட்கும். அதனால் கலியாணமான புதிதில் விளையாட்டாக எனக்குத் தந்தி எழுத்தைச் சொல்லித் தந்தார். புள்ளியும் கோடும்தான் முழுக் கணக்கும். ஒரு எழுத்துக்கு ஒரு புள்ளி ஒரு கோடு, இன்னொன்றுக்கு ஒரு கோடு மூன்று புள்ளி என்று இங்கிலிஷ் எழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு வரிசை. நாங்கள் புள்ளிக்கு ஒரு தட்டு, கோட்டுக்கு நகத்தால் ஒரு கீறு என்று வைத்துக்கொண்டோம். தமிழுக்குத் தந்தியில் எழுத்துக் கிடையாது. ஆகவே தமிழ்ப் பேச்சை இங்கிலிஷ் எழுத்தில் ஆக்கி, அந்த எழுத்தைத் தட்டாகவும் கீறாகவும் ஆக்கிச் சுவரில் அடிப்போம். வேதக்காரப் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் நான் படித்த இங்கிலிஷ் இதற்காவது உதவியதே என்று என் தகப்பனார் அறிந்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பார்.

எங்கள் கிணறு சவர்த் தண்ணீர். பக்கத்து வளவுக் கிணறு நல்ல தண்ணீர். நாளில் பாதி நேரம் நான் அங்கேதான் நின்றேன். அதனால் சுவரிலிருந்து பேச்சு, கந்தோர் யன்னலுக்குக் கிட்ட இருந்த வேலித் தகரத்துக்கு மாறியது. பக்கத்து வீட்டு ஐயா மலாயா ரயில்வேயில் முப்பது வருசம் ஸ்ரேசன் மாஸ்ரராய் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு ஊர் திரும்பியவர். எங்கள் பக்கத்தில் கல்லெறிந்தால் ஒரு மலாயாப் பென்சனியர் மேல்தான் விழும், அவ்வளவு பேர் இருந்தார்கள். அவருடைய ஆண்பிள்ளைகள் இரண்டு பேரும் தகப்பன் போன வழியில் மலாயாவிலேயே உத்தியோகத்தில் இருந்தார்கள். ஒரே மகள் இங்கே தாயோடு. ஐயா பகல் முழுக்க வேப்பமரத்துக்குக் கீழே சாய்மனைக் கதிரையில் பேப்பர் வாசித்துக்கொண்டு இருப்பார். அதிகம் கதைக்க மாட்டார். வேப்பமரம் வேலிக்குக் கிட்ட.

நான் தகரத்தில் அடிக்காதது இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் தேங்காயை எண்ணி எண்ணி வைக்கிறார், கிழவனுக்கு இன்றைக்கு முகம் கடுகடு, எல்லாம் அடித்தேன். முதல் பிள்ளை வயிற்றில் தங்கி ஒருவருக்கும் சொல்லாமல் இருந்த நாளில், புளி மாங்காய் தின்ன ஆசையாக இருக்கிறது என்று இவருக்கு அடித்தேன். அடுத்த நாள் காலையில் மாமி, அதாவது ஐயாவின் மனைவி, ஒரு கடகம் மாங்காயோடு வந்தார். "எங்கடை மனுசன்தான் பிடுங்குவிச்சவர். உங்களுக்குக் குடுக்கச் சொன்னவர்" என்றார். என் அதிர்ஷ்டத்தை நினைத்து உப்பும் தூளும் போட்டுத் தின்றேன். வேறொன்றும் யோசிக்கவில்லை.

தந்திக்கும் பூட்டு என்ற ஒன்று உண்டென்று நான் அறிந்தது சண்டைக் காலத்தில். ஐரோப்பாவில் சண்டை தொடங்கியிருந்தது. எங்கள் பக்கத்துக்கு இன்னும் வரவில்லை. ஒரே கம்பியில் பல கந்தோர்கள் தொங்குவதால், யாருக்கு யார் அனுப்பினாலும் எல்லாக் கந்தோர்க் கருவியும் சேர்ந்து அடிக்கும். ஒரு பின்னேரம் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எழுத்து ஒவ்வொன்றும் தெளிவாக விழுகிறது. சேர்த்துப் பார்த்தால் ஒரு சொல்லும் இல்லை. ஐந்து ஐந்து எழுத்தாக, அர்த்தமில்லாமல், நிறுத்தாமல் வந்துகொண்டேயிருந்தது. எனக்குப் படித்தது மறந்து போயிற்றோ என்று பயம் பிடித்துவிட்டது.

சாப்பிட வந்தபோது இவரிடம் கேட்டேன்.

"அது அரசாங்கத்துக் கடற்படைத் தந்தி. எனக்கும் விளங்காது" என்றார். "அது பூட்டின எழுத்து, திறக்கிறதுக்குத் திறப்பு வேணும். திறப்பு அனுப்பிறவரிட்டையும் வாங்கிறவரிட்டையும் மட்டும்தான் இருக்கும்."

"அப்ப நாங்கள் அடிக்கிறது?"

"நாங்கள் அடிக்கிறதுக்குப் பூட்டு எங்கை இருக்கு? அது வெறும் எழுத்து. கம்பியிலை போறதுக்காக உருவம் மாத்தின எழுத்து. படிச்ச ஆரும் வாசிப்பினம். மறைக்கிறதுக்குச் செய்ததில்லை அது, கொண்டுபோறதுக்குச் செய்தது."

இவருடைய சட்ட மூளைக்கு உடனே ஒரு யோசனை வந்துவிட்டது. நாங்களும் ஒரு திறப்பு வைப்போம், ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக அதற்கு அடுத்து மூன்றாவதாக வருகிற எழுத்தை அடிப்போம், எத்தனை தள்ளுகிறோம் என்பதுதான் திறப்பு, அது தெரியாதவனுக்குக் குப்பை மாதிரி இருக்கும் என்றார். ஒருநாள் முழுக்க அப்படி அடித்துப் பார்த்தோம். நான் விரல் மடித்து எழுத்தெண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் அடுப்பில் கத்தரிக்காய்க் குழம்பு கருகியது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இந்த ஊரிலை இதை ஆர் வாசிக்கப்போகினம்? மாடோ ஆடோ?" என்றேன். "இங்கிலிஷ் எழுத்திலை தமிழ், அதுவும் தகரத்திலை. இதுக்கு மேலை என்னத்துக்குப் பூட்டு?"

அதோடு திறப்பு போயிற்று.

பக்கத்து வீட்டு மகளுக்குக் கலியாணம் நிச்சயமானது அந்த வருசம்தான். அந்தப் பெண்ணுக்கு முன்பு ஒரு சம்பந்தம் பேசி, பந்தலும் போட்ட பிறகு, மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாவு விழுந்தது. துடக்கு, சாவுத் தீட்டு என்று நின்ற கலியாணம் பிறகு நடக்கவேயில்லை. ராசியில்லாத பெட்டை என்று ஊர் பெயர் வைத்துவிட்டது. அதைச் சொன்ன வாய்களை எனக்குத் தெரியும். கோயிலில் என்னோடு பக்கத்தில் நின்று கும்பிட்ட வாய்கள்தான். அவள் முப்பதை எட்டப் பார்க்கிறாள். இந்தச் சம்பந்தமும் நின்றால் இனி ஒருவரும் அந்தப் படலையைத் திறக்க மாட்டார்கள். மாப்பிள்ளை கொழும்பில் உத்தியோகம், நல்ல மனிதர். சண்டையால் கப்பல் ஒழுங்கில்லை, தமையன்மார் இரண்டு பேரும் வர முடியவில்லை. வாழ்த்துத் தந்தி மட்டும் இரண்டும் முதல் நாளே வந்துவிட்டன. இவரே கொண்டுபோய்க் கொடுத்தார்.

கலியாணத்தன்று காலமை நான் அவர்கள் வளவில் வேலியோரம் தகரத்துக்குப் பக்கத்தில் பாய் விரித்து இருந்து, மடியில் பித்தளைத் தட்டத்தை வைத்துப் பாக்குச் சீவிக்கொண்டிருந்தேன். பின்னால் சமையல் கொட்டில். அளவெட்டியிலிருந்து மேளக்காரர் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரம். ஐயா புது வேட்டி சால்வையோடு சமையல்காரரிடம் ஏதோ கேட்க வந்து, கையில் கோப்பிப் பேணியோடு எனக்கு முதுகு காட்டி நின்றார்.

தகரம் தட்டியது. கீறியது.

தந்தி, என்றது.

எனக்குக் கை நின்றுவிட்டது. எங்கள் ஊரில் தந்தி என்றால் சாவு. வாழ்த்து அனுப்புகிறவர்கள் எல்லாரும் அனுப்பி முடித்துவிட்டார்கள். இவர் நேரே படலையால் வராமல் வேலிக்குப் பின்னால் நின்று அடிக்கிறார் என்றால் விசயம் இந்த வீட்டுக்குத்தான். நான் பாக்குவெட்டியின் முதுகால் தட்டத்து விளிம்பில் அடித்தேன்.

"ஆருக்கு?"

"உந்த வீட்டுக்குத்தான். மலாயா. மகன்."

அந்த நேரம் பார்த்துப் படலையில் மாப்பிள்ளை இறங்க, மேளம் வெடித்துக்கொண்டு கிளம்பியது. நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து, தகரம் அடிக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. உள்ளங்கையைத் தகரத்தில் வைத்துப் பார்த்தேன். தவில் அதிர்வுதான் வந்தது. மகனுக்கு என்ன? நோய் வருத்தமோ? விபத்தோ? வேலை மாறினதோ? நல்லதாய் ஏதாவது இருக்கட்டும் என்று அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெண்டுகள் எல்லாரும் மாப்பிள்ளை பார்க்க ஓடினார்கள். ஐயா ஓடவில்லை. மாமனார் எதிர்கொண்டு போக வேண்டிய நேரத்தில் பேணியைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றார். அவருடைய தம்பியார் வந்து கூப்பிட, நீ போ என்று கையைக் காட்டினார். பெண்ணைப் பெற்றவருக்கு இருக்கிற கலக்கம் என்று நினைத்தேன்.

மேளம் ஓய்ந்தது.

"செத்திட்டாராம்" என்றது தகரம்.

நான் அழவில்லை. எனக்கு முதலில் வந்தது கோபம்தான், யார் மேல் என்று இன்றைக்கும் தெரியாது. மணவறையில் விளக்கு ஏற்றியாயிற்று. பெண்ணுக்குத் தலை முடிந்துகொண்டிருக்கிறார்கள்.

"கொண்டு வரட்டோ? உடனை குடுக்க வேணும் எண்டு சட்டம்."

"வேண்டாம். தாலி ஏறட்டும்."

"எனக்கு வேலை போகும்."

"போகட்டும்" என்று அடித்தேன். பாக்குவெட்டி பட்ட இடம் தட்டத்தில் நசுங்கிப் போயிற்று.

"சரி" என்று மட்டும் வந்தது. சட்டத்தைச் சுவாமியாகக் கும்பிட்ட மனிதர் எனக்காக அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்த ஒரே நாள் அது.

நான் செய்தது பிழை என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடல் கடந்த சாவுக்குத் துடக்கு செத்த நேரத்தில் தொடங்குவதில்லை. காதில் விழுந்த நேரத்தில்தான் தொடங்குகிறது. சாத்திரமே அப்படி ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கும்போது நான் ஏன் அடைக்க வேண்டும்? கேட்கும்வரை அந்த வீட்டில் சாவு இல்லை. கேட்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. இரண்டு மணித்தியாலம் என் வாயை மூடியிருந்தால் ஒரு பெண்ணின் சீவியம் தப்பும். அவ்வளவுதான் என் கணக்கு.

முகூர்த்தம் நெருங்கியது. பெண் கூறைச் சேலையோடு மணவறைக்கு வந்தாள். தாரை வார்க்கத் தாய் தகப்பனைக் கூப்பிட்டார் ஐயர். மாமி வந்து நின்றார். தகப்பனைக் காணவில்லை.

தேடினால், வேப்பமரத்துக்குக் கீழே தன் கதிரையில் இருக்கிறார். தலை சுற்றுகிறது என்றார். தாங்கிப் பிடிக்கப் போன தங்கை மகனைக் கிட்ட வர விடவில்லை. "தொடாதை, தொடாதை. நல்லாய்த்தான் இருக்கிறன்" என்றார். மாமி செம்பில் தண்ணீரோடு ஓடி வந்தார். அதையும் கையில் வாங்காமல் நிலத்தில் வைக்கச் சொன்னார்.

"தம்பியும் அவன்ரை பெண்சாதியும் நிண்டு தாரை வாக்கட்டும். நேரம் போகுது."

"ஒரே ஒரு பெட்டை" என்றார் மாமி. "நீங்கள் உயிரோடை இருக்கேக்கை வேறை ஆள் தாரை வாக்கிறதோ? சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும். போ."

மாமி அழுதுகொண்டு போனார். பந்தலுக்குள் குசுகுசுப்புத் தொடங்கிவிட்டது. தகப்பனுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லையாம் என்று ஒரு வாய். சீதனத்தில் ஏதோ பிணக்காம் என்று இன்னொரு வாய். மாப்பிள்ளையின் தாய் தன் தமையனை ஒரு பார்வை பார்த்தாள். தொடாதே என்கிறார், தண்ணீரைக் கையில் வாங்க மாட்டேன் என்கிறார், மங்கலக் காரியத்தைத் தன் கையால் செய்ய மாட்டேன் என்கிறார். இது துடக்குக்காரர் நடக்கிற நடை. இவருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். யார் சொன்னது? இந்த ஊரில் தெரிந்தது எனக்கும் என் மனிதருக்கும்தான். சட்டப் பயத்தில் எங்காவது ஒரு வார்த்தை விட்டுவிட்டாரோ?

தகரத்துக்கு ஓடினேன். ஒரு புள்ளியும் பிசகாமல் அடிக்க வேண்டும்.

"ஆருக்கும் சொன்னனீங்களோ?"

"இல்லை. கந்தோரைப் பூட்டிப்போட்டு இஞ்சைதான் நிக்கிறன்."

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. மரத்தில் மோதிரம் படுகிற சத்தம். திரும்பினேன். ஐயா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை கதிரைச் சட்டத்தில் இருந்தது. மோதிர விரல் தட்டியது, கீறியது, தட்டியது. அவசரமில்லாமல், ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவே சரியாக இடைவெளி விட்டு, என்னிலும் இவரிலும் பத்து மடங்கு திறமான கையால் அடித்தார்.

தாலி ஏறட்டும், என்று அடித்தார்.

நான் அடித்த அதே சொற்கள்.

மலாயா ரயில்வேயில் தந்தி தெரியாமல் ஒருவர் ஸ்ரேசன் மாஸ்ரராக இருக்க முடியாது. ரயிலை விடுவதும் நிறுத்துவதும் அந்தக் கருவியில்தான். இது இவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். மலாயாப் பென்சனியர்கள் குவிந்து கிடக்கிற ஊரில் இருந்துகொண்டு, இதை யார் வாசிக்கப்போகிறார்கள் என்று கேட்டவள் நான். தமிழுக்கு மேல் இங்கிலிஷ், இங்கிலிஷுக்கு மேல் புள்ளி, புள்ளிக்கு மேல் தகரம். எத்தனை சட்டை மாற்றிப் போட்டாலும் ஆள் அதே ஆள்தான். தெரிந்தவருக்கு அடையாளம் தெரியும். மாங்காய்க் கடகம் நினைவுக்கு வந்தது. கஞ்சன் என்றது, கிழவன் என்றது, இவருக்கு மட்டும் என்று நான் அடித்த எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. இத்தனை வருசமும் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு, கேட்காதவர் போல இருந்திருக்கிறார். வெட்கப்படக்கூட எனக்கு அப்போது நேரமில்லை. ஒருவரும் கேட்கக் கூடாது என்று நான் காத்த செய்தியை, கேட்கக் கூடாத ஒரே ஆளின் காதுக்குப் பக்கத்தில் வைத்து அடித்திருக்கிறேன்.

அவர் நினைத்திருந்தால் அந்தக் கணமே கத்தியிருக்கலாம். மகன் செத்த தகப்பன் கத்தினால் யார் குறை சொல்வார்கள்? கலியாணமும் நின்றிருக்கும். கேட்காதவர் போல நடித்து, துடக்கோடு போய்த் தாரை வார்த்திருக்கலாம். அதுவும் ஒருவருக்கும் தெரிந்திராது. இரண்டையும் அவர் செய்யவில்லை. கேட்டது கேட்டதுதான் என்று தான் மட்டும் விலகி, கேளாத தம்பியை நிற்க விட்டார்.

நான் போய் மணவறைக்குப் பக்கத்தில் நின்றேன். குசுகுசுத்த பெண்டுகளைப் பார்த்து, "விடிய வெள்ளனவிலிருந்து மனுசன் ஒண்டும் சாப்பிடேல்லை, தலை சுத்தாமல் என்ன செய்யும்?" என்று சத்தமாகச் சொன்னேன். மாப்பிள்ளையின் தாய்க்கும் கேட்கத்தான் சொன்னேன். தம்பியார் தாரை வார்த்தார். ஐயர் தாலியைத் தட்டில் வைத்துச் சபைக்குக் காட்டிக்கொண்டு வந்தார். அந்த ஐயர் போல மெதுவாக நடந்த ஐயரை நான் கண்டதில்லை. யாராவது தும்மினாலே திரும்பிப் பார்த்தேன். கெட்டிமேளம் முழங்கியது. எல்லாரும் அறுகரிசி தூவி வாழ்த்தினார்கள். நான் வேப்பமரத்துப் பக்கம் திரும்பினேன். அவர் பந்தலுக்கு வெளியே எழும்பி நின்று, வெறுங்கையைக் கூப்பிக்கொண்டு மகளைப் பார்த்தபடி நின்றார்.

பின்னேரம் பெண்ணும் மாப்பிள்ளையும் கால்மாறுகிற வழக்கப்படி காரில் ஏறிப் புகுந்த வீட்டுக்குப் போனார்கள். காரில் ஏறமுன் மகள் கும்பிட வந்தபோதும் அவர் இரண்டடி தள்ளித்தான் நின்றார். பொழுது பட்டது. பந்தலில் சனம் குறைந்ததும் இவர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். சட்டைப் பையில் அந்தத் தந்தி. நானும் கூடப் போனேன். ஐயா கதிரையில்தான் இருந்தார். மாமி நிலத்தில் வைத்த செம்பு அப்படியே இருந்தது.

இவர் தந்தியை நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"காலமையே கேட்டிட்டன் தம்பி. உங்கடை கை நல்ல கை. ஒரு எழுத்தும் பிசகேல்லை."

இவர் பிந்திக் கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். ஐயா கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்கள் செய்ததுதான் சரி. பிள்ளை சொன்னதும் சரி" என்று என்னையும் ஒருதரம் பார்த்தார். "ஆனால் மகன் எண்டு மட்டும்தான் அடிச்சனீங்கள். எனக்கு ரெண்டு பேர். மேளம் முடியிறவரைக்கும் காத்து நிண்டன், அதுக்குப் பிறகும் பேர் வரேல்லை. நானும் கேக்கேல்லை. தெரிஞ்சிருந்தால் என்னாலை நிண்டிருக்க ஏலாது." கதிரைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "இப்ப சொல்லுங்கோ. பெரியவனோ, சின்னவனோ?"

நான் இவருடைய முகத்தைப் பார்த்தேன். எனக்கும் தெரியாது. காலமை முழுக்கக் கலியாணம் கலியாணம் என்று நின்றவள், செத்தது யார் என்று கேட்கவேயில்லை.

"சின்னவர்" என்றார் இவர்.

ஐயா, சின்னவர் கம்பி முறுக்கித் தந்த அந்த வேலித் தகரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு மெல்ல எழும்பி, அயல் வீடுகளுக்குக் கொடுத்தனுப்பப் பலகாரம் பங்கிட்டுக்கொண்டிருந்த மாமியிடம் சொல்ல உள்ளே போனார்.